ஏற்பவர் யார்? – பிடியரிசி கற்பிக்கும் தருமக் கணக்கு



யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. எம்மில் மூத்தவர்கள் தம் தாயாரிடமோ பேர்த்தியாரிடமோ அதைக் கண்டிருப்பார்கள். உலையில் இடுவதற்கென்று அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, அடுப்படியில் தனியாக இருக்கும் முட்டியிலோ ஓலைப் பெட்டியிலோ போடுவார்கள். கிழமைக்கொரு முறையோ மாதத்துக்கொரு முறையோ கோயிலிலிருந்தோ மடத்திலிருந்தோ பள்ளிக்கூடத்திலிருந்தோ ஆள் வந்து அதை வாங்கிச் செல்லும்.

இந்த எளிய வழக்கத்தில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. ஒன்று தருமம், மற்றது சிக்கனம். அந்த வீட்டில் அன்று ஒரு பிடி குறைவாகவே சமைத்தார்கள். குறைந்த அந்தப் பிடிதான் தருமமாயிற்று. தருமத்துக்கென்று புதிதாக எதுவும் வாங்கவில்லை. எதுவும் எறியப்படவும் இல்லை. இன்று நாம் நிதி சேர்ப்பதை ஒரு விடயமாகவும், சுற்றாடலைக் காப்பதை வேறொரு விடயமாகவும் பேசுகிறோம். பிடியரிசியில் அவை ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களாக இருந்தன. இந்தப் பாடத்தில் அந்தக் கணக்கை இங்கிலாந்தில் வாழும் எமது வாழ்வுக்கு எப்படிப் பொருத்துவது என்று காண்போம்.

1. கணக்கியல் சொல்லும் ஒரு விதி

கணக்கியலின் அடிப்படை இரட்டைப் பதிவு. ஓர் இடத்திலிருந்து ஒரு தொகை போனால் அது இன்னோர் இடத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். கொடுத்ததை மட்டும் எழுதிவிட்டுப் பெற்ற இடத்தை எழுதாவிட்டால் ஏடு சமப்படாது.

தருமத்துக்கும் இதே விதி பொருந்தும். கொடை என்பது கொடுத்தவுடன் முடிந்துவிடுவதில்லை. ஏற்பவர் கைக்குப் போய்ச் சேரும்போதுதான் முடிகிறது. ஏற்பவர் இல்லாத பொருளுக்கு, அது எத்தனை அன்போடு கொடுக்கப்பட்டதாயினும், குப்பை என்றுதான் பெயர். ஆகவே ஒவ்வொரு செலவிலும் ஒவ்வொரு படையலிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை ஏற்பவர் யார்?

2. நூல்கள் காட்டும் வழி

பெரியபுராணத்தில் இளையான்குடிமாற நாயனார் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வறுமையுற்ற காலத்தில், மழை பெய்யும் இரவில் அடியார் ஒருவர் வருகிறார். நாயனார் அன்று வயலில் விதைத்த நெல்லை வாரி வருகிறார். கூரையின் மரத்தை அறுத்து விறகாக்குகிறார். கொல்லையில் நின்ற கீரையைப் பறித்துக் கொடுக்கிறார். மனைவியார் அவற்றைக் கொண்டே கறியும் சோறும் ஆக்குகிறார். அவரது பக்தியின் உச்சத்தை எண்ணி வியக்கும் நாம், அந்த விருந்தில் கடன்பட்ட பொருள் ஒன்றும் இல்லை என்பதையும் எண்ண வேண்டும். எல்லாம் தம்மிடம் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஏற்பவர் எதிரில் இருந்தார்.

அப்பூதி அடிகள் வரலாறு வேறொன்றைக் கற்பிக்கிறது. திங்களூரில் அவர் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் பிற அறங்களுக்கும் தம் பெயரை வைக்கவில்லை. தாம் கண்ணாலும் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை வைத்தார். உபயகாரர் பெயர்ப் பலகை எத்தனை அடி நீளம் என்று வாதிடும் இடங்களில் இந்த வரலாற்றை நினைப்பது நல்லது.

திருமூலர் திருமந்திரத்தில் எவராலும் செய்யக்கூடிய அறங்களாக நான்கைச் சொல்கிறார். இறைவனுக்கு ஓர் இலை, பசுவுக்கு ஒரு வாய் தீனி, தாம் உண்ணும்முன் பிறருக்கு ஒரு கைப்பிடி, எவருக்கும் இனிய சொல். பணக்காரருக்கு வேறு, ஏழைக்கு வேறு என்ற பிரிவு அதில் இல்லை. ஒரு கைப்பிடி என்ற அளவுதான் எமது பிடியரிசியின் அளவும்.

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரம் அரசனுக்குச் சொன்னதாயினும் கணக்காளருக்கும் ஏற்றது. வருவாய் சிறிதாக இருப்பதால் மட்டும் கெடுதி வராது, செலவு அதைவிடப் பெருகுவதே கெடுதி என்பது அதில் வரும் ஒரு கருத்து. கொடுப்பதையும் தன் அளவறிந்து கொடுக்க வேண்டும் என்று அதே அதிகாரம் சொல்கிறது.

3. ஊரில் இருந்த வட்டம்

ஊரில் எமது கோயில்களும் வீடுகளும் தாராளமாகவே படைத்தன. அங்கே வீண் என்று பெரிதாக ஒன்றும் ஏன் மிஞ்சவில்லை?

சாப்பிட்ட வாழையிலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போயிற்று. அரிசி கழுவிய தண்ணீரும் வடித்த கஞ்சியும் மாட்டுக்கு. மிஞ்சிய சோறு நாய்க்கும் காகத்துக்கும் கோழிக்கும். தேங்காய்ச் சிரட்டை அகப்பைக்கும் அடுப்புக்கும். பொச்சு கயிற்றுக்கும் விறகுக்கும். அபிஷேகத் தீர்த்தம் கோமுகி வழியே நந்தவனத்துக்குப் பாய்ந்தது. சாத்திய பூ மரத்தடியில் உரமாயிற்று. வேலியடைப்பின்போது கழற்றிய பழைய பனையோலைகூடத் தோட்டத்தில் பசளையாகத் தாழ்க்கப்பட்டது. மிச்சம் ஒவ்வொன்றுக்கும் ஏற்பவர் ஒருவர் காத்திருந்தார். கூடுதலாகப் படைத்தாலும் வட்டம் அறுபடவில்லை.

இங்கே அதே தாராளத்தைக் கொண்டு வந்தோம். ஏற்பவர்களைக் கொண்டு வர முடியவில்லை. ஆடும் மாடும் கொல்லையும் அடுப்பும் இல்லாத நாட்டில் மிச்சமெல்லாம் ஒரே கறுப்புப் பையில் போகிறது. எமது பண்பாட்டில் குறை இல்லை. அதன் பாதியைத்தான் கப்பலேற்ற முடிந்தது. மற்றப் பாதியை இங்கேயே நாம் அமைத்துக்கொள்ள வேண்டும்.

“குறைவாகச் சமைத்தால் சனம் என்ன சொல்லும்?” என்று பெரியோர் கேட்பது நியாயமே. பந்தியில் சோறு முடிந்துவிட்டது என்று சொல்வது எமக்கு அவமானம். “இவ்வளவு தட்டையும் எறியச் சொல்லிச் சாமி கேட்டவரோ?” என்று பிள்ளைகள் கேட்பதும் நியாயமே. இரண்டு கேள்விக்கும் மதிப்புக் கொடுத்துத்தான் விடை காண வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காத பிள்ளைகள் வாதாடுவதில்லை. பேசாமல் வராமல் விட்டுவிடுகிறார்கள்.

4. தருமம் குப்பையாகும் விதம்

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையின் பின் உலகெங்கும் மக்கள் மனமிரங்கிப் பொருள் அனுப்பினார்கள். இலங்கையிலும் தமிழ்நாட்டுக் கரையோரங்களிலும் பாவித்த உடுப்புகள் குவிந்தன. அவற்றில் வெப்ப நாட்டில் எவரும் உடுக்க முடியாத குளிர் உடுப்புகளும் இருந்தன. அவற்றைப் பிரிக்கவும் ஏற்றவும் அகற்றவும், மீட்புப் பணியில் நின்றவர்களின் நேரம் செலவாயிற்று. கொடுத்தவர் மனம் நல்லது. ஏற்பவர் யார் என்ற கேள்வி மட்டும் கேட்கப்படவில்லை.

குப்பைக்கும் இதே பாதை உண்டு. நாம் வாழும் இந்த நாட்டிலிருந்து 2017 முதல் 2019 வரை, மீள்சுழற்சிக்கான பழைய மெத்தைகள், கம்பளங்கள் என்ற பெயரில் 260 க்கு மேற்பட்ட கொள்கலன்கள் இலங்கைக்குப் போயின. அவற்றில் சட்டவிரோதமான கழிவு இருப்பதாகக் கண்ட இலங்கை, 2020 இல் அவற்றைத் திருப்பி அனுப்பத் தொடங்கி 2022 பெப்ரவரியில் கடைசித் தொகுதியையும் கப்பலேற்றியது. நாம் காசு அனுப்பும் அதே தீவுக்கு, நாம் வாழும் நாட்டின் குப்பையும் போயிருக்கிறது.

2017 ஏப்பிரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பை அண்டிய மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 30 பேருக்கு மேல் மாண்டனர். அதே ஆண்டு செப்ரெம்பரில் லஞ் சீற்றுக்கும் ரெஜிபோம் பெட்டிகளுக்கும் அந்த அரசு தடை கொண்டு வந்தது. எறிந்த பொருளுக்கு ஏற்பவர் இல்லை என்றோம். உண்மையில் ஒருவர் இருக்கிறார்: எறியும் இடத்துக்கு அருகில் வேறு வழியின்றிக் குடியிருக்கும் ஏழை.

5. நிதி சேர்ப்பில் மொத்தமும் மிச்சமும்

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஊரிலுள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்காக இராப்போசன விருந்து வைக்கிறோம் என்று கொள்க. 25 பவுண் வீதம் 200 ரிக்கற் விற்றால் வரவு 5,000 பவுண். மண்டபம் 1,200, சாப்பாடு 1,800, இசைக்குழு 700, அச்சும் சோடனையும் 300. செலவு 4,000 பவுண். மிச்சம் 1,000. ஒருவர் கொடுத்த 25 பவுணில் பிள்ளைகளுக்குப் போனது 5 பவுண். மேடையில் அறிவிக்கப்படுவதோ 5,000.

அதே 200 பேர் 10 பவுண் வீதம் நேரே கொடுத்தால் 2,000 பவுண் சேரும். அவர்கள் வரி கட்டுவோராக இருந்து கிஃப்ட் எய்ட் படிவமும் நிரப்பினால் அது 2,500 ஆகும். கொடுப்பவருக்கு 15 பவுண் மிச்சம்; பிள்ளைகளுக்கு இரண்டரை மடங்கு வரவு; எறியத் தட்டும் இல்லை.

விருந்தே வேண்டாம் என்பது எமது கருத்தன்று. கூடியிருப்பதும் ஆடல் பாடலும் புலம்பெயர்ந்த நாட்டில் பெரிய தேவைகள். அதை ஒன்றுகூடல் என்றே சொல்லி அதற்குரிய செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். தருமம் என்ற பெயரில் நடத்தினால், எத்தனை சதவீதம் ஏற்பவரைச் சேர்ந்தது என்பதை அடுத்த இதழில் அச்சிட வேண்டும்.

கிஃப்ட் எய்ட் பற்றி அடியார்கள் அறிந்திருக்க வேண்டியவை:

(அ) வருமான வரி அல்லது மூலதன ஆதாய வரி கட்டும் ஒருவர், தகுதி பெற்ற அறக்கட்டளை ஒன்றுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அந்த அறக்கட்டளை 25 பென்ஸை அரசிடம் கோரலாம். கொடுப்பவருக்கு மேலதிகச் செலவு இல்லை.

(ஆ) ஏப்பிரல் 6 இல் தொடங்கும் வரி ஆண்டில், கோரப்படும் தொகைக்குக் குறையாத வரியை அவர் கட்டியிருக்க வேண்டும். கட்டியிராவிட்டால் குறைந்த தொகையை வரித் திணைக்களம் அவரிடமே கேட்கும். வரி கட்டாத தாத்தா பாட்டியின் பெயரில் படிவம் நிரப்புவது அவர்களைச் சிக்கலில் மாட்டும்.

(இ) பிறரிடம் சேர்த்த காசை ஒருவர் தன் பெயரில் எழுதக் கூடாது. கொடுத்த ஒவ்வொருவரும் தனித்தனியே படிவம் தர வேண்டும்.

(ஈ) ஒரு பொருளையோ சேவையையோ விலை கொடுத்து வாங்குவது நன்கொடை ஆகாது. அதிர்ஷ்டச் சீட்டும் விருந்து ரிக்கற்றும் இதில் அடங்கும்.

(உ) உண்டியலில் விழும் சிறு காசுக்கும் வழி உண்டு. 30 பவுணுக்கு மேற்படாத காசு நன்கொடைகளில் ஆண்டுக்கு 8,000 பவுண் வரை, படிவமின்றியே, உரிய விதிகளுக்கு அமைய, அறக்கட்டளை இந்தச் சேர்ப்பைக் கோரலாம். அட்டையைத் தொட்டுச் செலுத்துவதும் இதில் சேரும்.

(ஊ) 40 சதவீத வரி கட்டுவோர் 100 பவுண் கொடுத்தால், தம் வரிக் கணக்கில் 25 பவுணைத் திரும்பக் கோரலாம். அதையும் தருமத்தில் சேர்ப்பது அவரவர் மனம்.

6. ஆலயத்தில் செய்யக்கூடியவை

அன்னதானம்: உபயகாரர் முன்கூட்டியே வருவோர் தொகையைக் கேட்டறிந்து மடைப்பள்ளிக்குச் சொல்ல வேண்டும். முதலில் அளவாகப் பரிமாறி, கேட்கக் கேட்க இடலாம். பந்தியின் மரியாதை இலையில் மிஞ்சிய சோற்றில் இல்லை, இரண்டாம் முறை வந்து “போதுமோ?” என்று கேட்பதில் இருக்கிறது. மிஞ்சிய சோற்றை வெளியில் கிடக்க விடக் கூடாது. ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்துக் குளிரூட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் உண்ண வேண்டும் என்பது இந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அறிவுரை. ஆகவே கொண்டு போவோர் மூடியுள்ள பாத்திரத்தை வீட்டிலிருந்தே கொண்டு வருவது சிறந்தது.

தட்டு: இங்கிலாந்தில் 2023 ஒக்ரோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் கரண்டிகளும் ரெஜிபோம் உணவுப் பெட்டிகளும் குவளைகளும் தடை செய்யப்பட்டுள்ளன, பிளாஸ்ரிக் தட்டுகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. கடதாசித் தட்டு நல்லதெனத் தோன்றும். ஆனால் கறி படிந்த கடதாசி மீள்சுழற்சிக்கு ஆகாது. வாழையிலை ஊரில் கொல்லையிலிருந்து வந்தது. இங்கே விமானத்தில் வருகிறது. அதைப் படையலுக்கு வைத்துக்கொண்டு, பந்திக்கு எவர்சில்வர் கோப்பைகளைப் பாவிக்கலாம். ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகளுக்குப் போதும். கழுவும் தொண்டு சைவத்தில் பெருந்தொண்டு. இளையோரும் பெரியோரும் ஒன்றாக நிற்கக்கூடிய இடமும் அதுவே.

அபிஷேகம்: ஆகமம் சொல்லும் திரவியங்களைக் குறைப்பது எமது வேலை அன்று, அதைக் குருக்கள் அறிவார். ஆனால் ஒவ்வொரு குடும்பமும் பால் கொண்டு வரும்போது தேவைக்கு மேல் சேர்கிறது. அபிஷேகத்துக்கு வேண்டிய அளவை ஆலயமே அறிவித்து, அதற்கு மேல் கொடுக்க விரும்புவோரிடம் நீண்டநாள் வைக்கக்கூடிய பால் பெட்டிகளை வாங்கி உள்ளூர் உணவு வங்கிக்குக் கொடுக்கலாம். பல உணவு வங்கிகள் அதைக் கேட்பதுண்டு. ஏற்பவர் எம் தெருவிலேயே இருக்கிறார்.

கழிவு: உணவுக் கழிவைத் தனித் தொட்டியில் இட்டால், காற்றில்லாக் கலன்களில் அது எரிவாயுவும் உரமும் ஆகிறது. குப்பை மேட்டில் புதைந்தால் மெதேன் வாயுவாகி வளிமண்டலத்தைச் சூடாக்குகிறது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் 31 முதல் உணவுக் கழிவைப் பிரித்தே கொடுக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம். சிறிய நிறுவனங்களுக்கு 2027 மார்ச் 31 வரை தவணை. சட்டம் வந்து தட்டும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

7. வீட்டில் செய்யக்கூடியவை

ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிறுவனம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 இல் உலகில் 105 கோடி தொன் உணவு வீணாயிற்று. அதில் பெரும்பகுதி வீடுகளிலேயே வீணானது. ஆகவே தொடங்க வேண்டிய இடம் எமது குசினிதான்.

பிடியரிசி முட்டிக்குப் பதிலாக ஒரு போத்தலை அடுப்படியில் வைப்போம். கிழமையில் எறியாமல் காத்ததன் பெறுமதியை அதில் காசாக இடுவோம். பழைய சோற்றை மறுநாளே பாவித்தது, வெள்ளிக்கிழமைப் பூசைக்கு இரண்டு குடும்பம் ஒரே காரில் வந்தது, கடைக்குப் பை கொண்டு போனது, ஒரு திருவிழாவுக்குப் புதுச் சேலை எடுக்காமல் விட்டது என எதுவும் ஆகலாம். பிள்ளைகளே அந்தக் கணக்கை எழுதட்டும்.

ஒரு குடும்பம் கிழமைக்கு 2 பவுண் இட்டால் ஆண்டுக்கு 104 பவுண். 100 குடும்பம் சேர்ந்தால் 10,400. முறையாகப் படிவம் தந்தால் கிஃப்ட் எய்ட் 2,600 சேர்ந்து 13,000 பவுண் ஆகும். மண்டபமும் வேண்டாம், மேடையும் வேண்டாம்.

பாவித்த உடுப்புக்கும் தளபாடத்துக்கும் இந்நாட்டில் நல்ல வழி ஒன்று உண்டு. 1942 இல் கிரேக்க நாட்டுப் பஞ்ச நிவாரணத்துக்காக ஒக்ஸ்போர்ட் நகரில் கூடிய குழுவே பின்னர் ஒக்ஸ்பாம் ஆயிற்று. அந்நகரின் புரோட் வீதியில் அவர்கள் தொடங்கிய கடை இன்றைய அறக்கடைகளுக்கு ஒரு முன்னோடி. எம்மில் அகதிகளாக வந்த பலரின் முதற் குளிர் அங்கி இத்தகைய கடையில் வாங்கியதே. அன்று நாம் ஏற்பவர்களாக இருந்தோம். துவைத்து மடித்து, இன்னொருவர் விரும்பி உடுக்கக்கூடிய நிலையில் கொடுப்பதே அதற்குரிய மரியாதை. கிழிந்ததைக் கொடுப்பது எறியும் வேலையை இன்னொருவரிடம் தள்ளுவதாகும்.

8. முடிவாக

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறையின் உள்ளே, உப்பு நீரின் மேல் நல்ல நீர் மிதந்து நிற்கிறது. மழை கொடுத்த அளவுக்குள் அள்ளினால் கிணறு தலைமுறைக்கும் ஊறும். அளவு மீறி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வது என்று கணக்காளர் சொல்வதும் இதையே. எமது முன்னோர் துலாவில் அளந்து அள்ளியே இதைக் கற்றார்கள்.

வீட்டில் பேசுவதற்கு மூன்று கேள்விகள்:

அ. சென்ற மாதம் எமது வீட்டில் அதிகமாக எறியப்பட்ட பொருள் எது? அதை ஏற்கக்கூடியவர் யார்?

ஆ. நாம் இறுதியாகக் கொடுத்த நன்கொடையில் எவ்வளவு உரியவரைச் சேர்ந்தது? அதை எங்கே கேட்டறியலாம்? (பதிவு பெற்ற அறக்கட்டளைகளின் கணக்கு விபரங்களை அறக்கட்டளை ஆணைக்குழுவின் பதிவேட்டில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.)

இ. அடுத்த உபயத்தில் நாம் குறைக்கக்கூடியது எது? குறைத்ததை எங்கே சேர்ப்போம்?

மூன்றாவது கேள்வியின் இரண்டாம் பாதியை மறந்துவிட வேண்டாம். குறைத்தால் மட்டும் அது சிக்கனம். குறைத்த பிடி இன்னொருவர் உலையில் வெந்தால்தான் அது பிடியரிசி.